தொள்ளாயிரம் கிராம்

ஆரணியில் பட்டு நெசவாளர்கள் வாழும் தெரு ஒன்றில் நான் பால்வாடி டீச்சராக இருந்தேன். அரசாங்கம் என் வேலைக்கு வைத்த பெயர் நீளமானது. அதைச் சம்பளப் பட்டியலில் தவிர வேறெங்கும் நான் கண்டதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கான ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று எங்கள் மையத்தில் நடந்துகொண்டிருந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதம் ஒருமுறை எடை போட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் அந்த மாத எடையைப் புள்ளியாக வைக்க வேண்டும். அட்டையில் அச்சடித்த கோடுகளில் எந்தக் கோட்டுக்குக் கீழே புள்ளி விழுகிறது என்று பார்த்து முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று பிரிப்போம். மூன்றாம் நிலை என்றால் குழந்தை ரொம்ப மோசம் என்று அர்த்தம். அதற்குச் சத்துமாவு இரண்டு பங்கு கிடைக்கும், டாக்டரிடம் காட்டச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதாவது எடை குறைந்தால்தான் உதவி கூடும். திட்டம் மொத்தமும் இவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்தத் தெருவில் ஒருத்தரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

சொல்லாததற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். எடை குறைந்தால் மாவு கூடக் கிடைக்கும் என்று தெரிந்தால் தாய்மார்கள் பிள்ளையைப் பட்டினி போட்டுவிடுவார்கள் என்று பயிற்சியில் ஒருவர் சொன்னார். எங்கள் சூப்பர்வைசர் அம்மாவும் அதையே சொன்னார். நானும் தலையாட்டினேன். இல்லாதவர்களைப் பற்றி அப்படி நம்புவது எங்களுக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. இன்னொரு காரணமும் உண்டு, அது பயிற்சியில் சொல்லித் தந்ததல்ல. தராசைப் பார்த்துப் பயப்படுகிற தாய்மார்கள் ஒழுங்காக வந்தார்கள். கூப்பிட்ட நாளில் வந்தார்கள், சொன்னபடி வரிசையில் நின்றார்கள். நான் சட்டென்று கோபப்படுகிறவள். வரிசை கலைந்தால் எனக்குப் பிடிக்காது.

அவர்கள் ஏன் தராசுக்குப் பயந்தார்கள் என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். கண்ணமங்கலம் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். எங்கள் வீட்டில் தராசு என்றால் நெல்லும் வேர்க்கடலையும்தான். தறிக்காரர்களுக்குத் தராசு வேறு. வேலை கொடுக்கிற முதலாளி பட்டையும் சரிகையையும் நிறுத்துக் கொடுப்பார். புடவை நெய்து முடித்துக் கொண்டுபோனால் அதையும் நிறுத்துத்தான் வாங்குவார். கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் இடையில் கழிவு போக ஏதாவது குறைந்தால், "பட்டு எங்கடா போச்சு?" என்று கேட்பார். நாலு பேர் எதிரில் கேட்பார். அடுத்த புடவைக்குப் பாவு நூல் கிடைக்குமா என்பதே சந்தேகமாகிவிடும். ஒருமுறை யாருக்கோ சிபாரிசு சொல்ல ஒரு முதலாளி வீட்டுக்குப் போனபோது, புடவை தராசில் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம் நெய்தவர் மூச்சு விடாமல் நின்றதைப் பார்த்தேன். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கும் என் மையத்துக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

நான் சொல்லப்போகிற தாய்க்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கணவர் வீட்டுத் தறியில் நெய்வார். அவள் நூல் சுற்றுவாள், சமைப்பாள், மற்ற நேரத்தில் தறியில் கூட உட்காருவாள். இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு ஆறு வயது. சின்னவளுக்கு இரண்டரை. சின்னவள்தான் என் கணக்கில் வருகிறவள். மெலிந்த குழந்தை. ஓயாத இருமல். கண் மட்டும் பெரிதாக இருக்கும். எடை போடும்போது மற்ற குழந்தைகள் ஊரைக் கூட்டி அழும். இவள் தொங்கு தராசின் துணிக் கால்சட்டைக்குள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு என்னையே பார்ப்பாள். அதனால் எனக்கு அவளைக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். அந்த மாதம் ஏழு கிலோ எண்ணூறு இருந்தாள். மூன்றாம் நிலை. சீட்டு எழுத வேண்டும். அடுத்த வாரம் எழுதலாம் என்றிருந்தேன்.

அந்த வாரத்தில்தான் சூப்பர்வைசர் அம்மா வந்தார். திட்டம் எப்படி நடக்கிறது என்று மதிப்பிட மெட்ராஸிலிருந்து ஒரு குழு வருகிறது, நம் மையத்தைத்தான் காட்டப் போகிறோம் என்றார். சொல்லிவிட்டு என் பதிவேட்டைப் புரட்டினார்.

"மூணாம் நிலை மூணு இருக்குதே."

"ஆமாங்க."

"ஒண்ணு ரெண்டு இருந்தா பரவால்லம்மா. அதுக்கு மேல இருந்தா அத்தினி நாளா மாவு குடுத்து என்னா பண்ணிகினு இருந்தீங்கன்னு கேப்பாங்க. பாத்துக்கோ."

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நல்ல மனுஷிதான் அவர். அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல அவருக்கு மேலே ஒருவர் இருந்தார்.

குழு வருவதற்கு முந்தின நாள் தெருவில் வீடு வீடாகப் போனேன். பிள்ளைகளைக் குளிக்க வைத்து, நன்றாகச் சாப்பிட வைத்து, காலையில் நேரத்தோடு அழைத்து வரச் சொன்னேன். அந்தத் தாயின் வீட்டுக்குப் போனபோது எனக்குக் கால் வலி, பசி, இன்னும் பத்து வீடு பாக்கி. அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் படுத்திருந்தாள். மூத்தவள் மூலையில் ஒரு கிண்ணத்தை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தாள். என் மாவுதான். வாசனையிலேயே தெரிந்தது.

எனக்கு வந்த கோபத்தில் வாசலில் நின்றபடியே கேட்டேன். "மாசா மாசம் இவ்ளோ மாவு வாங்கிகினு வரியே, புள்ள மேல ஒண்ணும் காணமே. எங்க போவுது எல்லாம்?"

"புள்ளைக்குத்தான் டீச்சர் குடுக்கறேன்."

"நாளைக்கு மெட்ராஸ்காரங்க எதிர்ல எடை குறைஞ்சிதுன்னா எம்பேரு என்னா ஆவும்? நீதான் வந்து பதில் சொல்லணும்."

அவள் முகம் வெளுத்துப்போனது. தறியில் இருந்த கணவர் கையை நிறுத்திவிட்டுத் தலை குனிந்துகொண்டார். பட்டு எங்கே போயிற்று என்று முதலாளி கேட்கிற கேள்வியைத்தான் நான் அவர்கள் வீட்டு வாசலிலேயே போய்க் கேட்டிருக்கிறேன். எனக்கு அது உறைக்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் குழு ஜீப்பில் வந்தது. நடுவயதுப் பெண்மணி ஒருவர்தான் தலைமை. கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்தவே மாட்டார். கூட எழுதுவதற்கு இரண்டு பேர், ஒரு குழந்தை டாக்டர். மதிப்பீடு என்றால் அதட்டுவார்கள் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அவர்களோ என்னை உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பதிவேட்டிலிருந்து தாங்களாகவே சில பெயர்களைக் குறித்துக்கொண்டு, அந்தக் குழந்தைகளை மட்டும் தங்கள் எதிரில் திரும்ப எடை போடச் சொன்னார்கள். அதில் மூன்றாம் நிலைக்கு வருகிற குழந்தைகளை டாக்டர் உள்ளே பாயில் படுக்க வைத்துப் பரிசோதிப்பார். தேவைப்பட்டால் அன்றைக்கே ஜீப்பில் வேலூருக்கு அழைத்துப்போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்ப்பதாகவும் சொன்னார். திட்டத்தில் இல்லாத வசதி அது. அந்த டாக்டரின் சொந்த நல்ல குணம்.

குறித்த பெயர்களில் சின்னவள் பெயரும் இருந்தது.

தாய் அவளைப் புது கவுன் போட்டு, தலை சீவி, பொட்டு வைத்துத் தூக்கி வந்திருந்தாள். நான் கைநீட்டி வாங்கினேன். வாங்கிய உடனே தெரிந்துவிட்டது. மாதாமாதம் தூக்கிப் பழகிய கை. கவுனுக்குள் இடுப்பைச் சுற்றிக் கெட்டியாக ஒரு பட்டை இருந்தது. விரலால் தடவினேன். வரிசை வரிசையாக இரும்பு.

புடவையில் பூவும் மயிலும் விழுவதற்காகத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு நூலின் நுனியிலும், நூல் விறைப்பாக நிற்பதற்காக ஒல்லியான இரும்புக் கம்பி ஒன்று தொங்கும். பழைய கம்பிகளை மடக்கி, கிழிந்த புடவைத் துணிக்குள் ஒன்றை ஒட்டி ஒன்றாகத் தைத்து, குழந்தையின் வயிற்றில் கட்டியிருந்தாள். போதாததற்குக் கஞ்சியும் தண்ணீருமாக வயிறு முட்டக் குடிக்க வைத்திருந்தாள். குழந்தையால் நிமிர்ந்து மூச்சு விட முடியவில்லை.

தாயைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மூச்சு விடாமல்.

அந்த நொடியில் எனக்கு எல்லாமே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மாவு கொடுத்தோம், அதற்கேற்ற குழந்தையை எடை போட்டுத் திரும்பக் கேட்கிறோம் என்று அவள் நினைத்திருக்கிறாள். குறைந்தால் மாவு நின்றுபோகும் என்று பயந்திருக்கிறாள். "அட பைத்தியமே, குறைஞ்சாதான் உனக்கு நல்லது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். கவுனைக் கழற்றியிருந்தால் அதுகூட வேண்டாம்.

கண்ணாடி போட்ட அம்மா எழுந்து வந்தார். "டிரெஸ்ஸ எடுத்துட்டு வெயிட் பார்க்கலாமே டீச்சர்?"

"சளி புடிச்சிருக்கு மேடம்," என்றேன். "நேத்துதான் காய்ச்சல் விட்டுது. கழட்டினா ஒத்துக்காது."

பொய் என் வாயிலிருந்து அவ்வளவு சுத்தமாக வந்தது. சூப்பர்வைசர் அம்மா பக்கத்தில்தான் நின்றார். அவருக்குக் கம்பி விஷயம் தெரியாது. என்னை யாரும் மிரட்டவில்லை. மூன்று என்பது இரண்டாக வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். முள் எட்டு கிலோ எழுநூறில் நின்றது. இரண்டாம் நிலை.

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "ஒரே மாசத்துல தொள்ளாயிரம் கிராமா?"

"போன தபா வயித்துப்போக்குல இருந்துது மேடம். அதான் அப்படிக் காட்டுது. இப்ப தேறிடுச்சி."

அவர் சிரித்தார். "நல்லா கவனிச்சிருக்கீங்க," என்றார். அந்தத் தொள்ளாயிரம் கிராமை என் கையாலேயே அட்டையில் புள்ளியாக வைத்தேன். தாய் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். மற்ற இரண்டு மூன்றாம் நிலைக் குழந்தைகளை டாக்டர் பார்த்தார். இரண்டையும் தாய்மாரோடு ஜீப்பில் ஏற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். ஜீப்பின் பின்பக்கம் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். அதையும் நான் பார்த்தேன்.

குழு அன்று ஆரணியிலேயே தங்கியது. மறுநாள் காலை நான் மையத்துக்குப் போகிற வழியில் அவர்கள் தங்கிய இடத்தின் வாசலில் அதே ஜீப் நின்றது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய், மேடம் ஒரு தப்பு நடந்துபோச்சு என்று சொல்ல எனக்கு அரை மணி நேரம் இருந்தது. நான் நடையை வேகமாக்கினேன். அட்டையில் பேனாவால் எழுதியாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வேலூருக்குப் போன இரண்டு குழந்தைகளுக்கும் நெஞ்சில் பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய் என்றார்கள். பல மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இருவருமே தேறினார்கள். அவர்களில் ஒருவன் வளர்ந்து பெரியவனாகி, தோளில் பையோடு செய்யாறு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பதைப் பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன். வணக்கம் சொல்வான். அவனுக்கு இருந்த இருமலும் சின்னவளுக்கு இருந்த இருமலும் ஒன்றுதான். என் காதுக்கு அது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் எடை நாள் வந்தது. தாய் மறுபடியும் அதே கவுனோடு குழந்தையைக் கொண்டுவந்தாள். வாங்கக் கை நீட்டினேன், இழுத்துக்கொண்டேன்.

"நீயே தூக்கி வைம்மா," என்றேன்.

தொடாமல் இருந்தால் எனக்குத் தெரியாது அல்லவா? அதற்காகத்தான். மதிப்பீட்டு அறிக்கை இன்னும் வரவில்லை. அது வரும்வரை புள்ளி கீழே இறங்கினால் கேள்வி வரும். எட்டு கிலோ அறுநூறு என்று முள் காட்டியதை அப்படியே எழுதினேன். அதற்கடுத்த மாதமும் அப்படியே. இரண்டாம் நிலைக் குழந்தை என்பதால் ஒரு பங்கு மாவுதான் கொடுக்க முடிந்தது. மனசு கேட்காமல் யாருக்கும் தெரியாமல் சில நாள் கூடக் கொஞ்சம் அள்ளிப் போட்டேன். அதைப் பெரிய தர்மம் போல அப்போது நினைத்துக்கொண்டேன் என்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

மூன்றாவது மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து விடவே இல்லை. ஆரணியில் பார்த்துவிட்டு வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பஸ்ஸில் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் உடலாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

நான் போனேன். போகாமல் இருக்க முடியுமா, டீச்சர் ஆயிற்றே. தறியை நிறுத்தியிருந்தார்கள். தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து என் தலைமயிரைப் பிடித்து உலுக்குவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதை விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, என் மேல் கோபம் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே பதினைந்து வருடம் அந்தத் தெருவில் நடந்தேன். அவள் எதிரில் வந்தால் நான் கடைப்பக்கம் ஒதுங்குவேன். அவளும் ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அறிக்கை அந்த வருடக் கடைசியில் வந்தது. எங்கள் மையத்தைப் பற்றி இரண்டு வரி நல்லதாகவே இருந்தது. பணியாளர் ஒவ்வொரு குழந்தையின் உடல்நிலையையும் அறிந்து வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். சூப்பர்வைசர் அம்மா அதைக் கூட்டத்தில் படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சில வருடங்களில் எனக்கு அவர் பதவியே கிடைத்தது. நான் மேற்பார்வை பார்த்த மையங்களில் எடை போடும்போது குழந்தையின் உடுப்பைக் கழற்றாவிட்டால் பணியாளரைக் கிழித்துவிடுவேன். தாய்மார்களைக் கூட்டி வைத்து, எடை குறைந்தால் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டோம், கூடுதலாகத்தான் கொடுப்போம் என்று தொண்டை வறளப் பேசுவேன். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர் என்று பெயர் வாங்கினேன்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம் அந்தத் தாய் என் வீட்டுக்கு வந்தாள். மூத்தவளுக்குக் கல்யாணம். கையில் பத்திரிகை, தட்டு, வெற்றிலை பாக்கு, பழம். நான் ஓய்வு பெற்றிருந்தேன். மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பவர்லூம் இருக்கிறது என்றாள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. காபியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத சொல்லாம இந்தக் கல்யாணத்த பண்ண மனசு வரல."

சரி, கேட்கப்போகிறாள், கேட்கட்டும் என்று இருந்தேன்.

"அன்னிக்கு மெட்ராஸ்காரங்க வந்தாங்களே, அன்னிக்கு நான் உங்கள ஏமாத்திட்டேன். புள்ள இடுப்புல தறிக் கம்பி கட்டித் தூக்கிகினு வந்தேன். உங்களுக்குத் தெரியாது. எடை குறைஞ்சா மாவ நிறுத்திடுவாங்க, உங்க பேரும் கெட்டுடும்னு பயந்துட்டேன். பெரியவளுக்கும் அந்த மாவக் குடுத்துகினு இருந்தேன் இல்ல, அந்தக் குத்தம் வேற."

நான் பத்திரிகையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தேன்.

"வேலூர்ல டாக்டரம்மா அட்டைய பாத்துட்டு, எடை ஏறிதானம்மா இருக்குது, குறைஞ்சிருந்தா அப்பவே உங்க டீச்சர் எங்களாண்ட அனுப்பியிருப்பாங்களேன்னு சொன்னாங்க. அப்பதான் எனக்கு விளங்கிச்சி. எம் புள்ளைய நானே கொன்னுட்டேன் டீச்சர். இத எங்க ஊட்டுக்காரர்கிட்ட கூட சொன்னதில்ல. உங்க மூஞ்சில முழிக்கவே பயந்துகினு இருந்தேன். நீங்க எழுதனத எல்லாம் பொய்யாக்கிட்டேனே. மன்னிச்சிடுங்க."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. என் விரலுக்குத் தெரியும், உன் பிள்ளையைக் கையில் வாங்கிய உடனே தெரியும், கழற்றச் சொன்னபோது தடுத்தவள் நான், நீ பயந்ததுகூட நான் பயமுறுத்தியதால்தான் என்று சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் அவள் தூக்கிச் சுமந்ததில் பெரும்பங்கு என்னுடையது. அவள் எதிரில் உட்கார்ந்து அழுகிறாள். வாயைத் திறந்தேன்.

"தெரியாம செஞ்சதும்மா," என்றேன். "மனசுல வச்சிக்காத. நான் ஒண்ணும் நெனச்சிக்கல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவோ வருடத்துக்குப் பிறகு மூச்சு விடுகிறவள் போலத் தெரிந்தாள். இப்போதுதான் மனசு லேசாச்சு டீச்சர், உங்க பெரிய மனசு யாருக்கு வரும் என்றாள். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தாள். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட வேண்டும் என்றாள். போகும்போது வாசலில் நின்று, குனிந்து என் காலைத் தொட்டாள். நான் தடுக்கவில்லை.